ஆறு விட்டுப்போன ஊர்

போர் வரலாறு படிக்கறப்போ பக்கத்துல வரைபடத்தை விரிச்சு வெச்சுக்கற ஆளு நான். அம்புக்குறி முன்னால போகுது, பின்னால வருது... சதுரங்கம் பாக்கற மாதிரிதான். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்த ஊர் விக்ஸ்பர்க்.

அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861-65. அடிமை முறையை விடமாட்டோம்னு பிரிஞ்சு போன தென் மாநிலங்களை நெடுக்கப் பிளந்துக்கிட்டு ஓடுது மிஸிஸிப்பி ஆறு. அது கொண்டை ஊசி மாதிரி திரும்பற இடத்துல, கிழக்குக் கரை மேட்டு மேல விக்ஸ்பர்க். திரும்பற கப்பல் எல்லாம் மேட்டுல இருக்கற பீரங்கிக்கு நேரா வந்து மாட்டும். இந்த ஊரும், தெற்கே போர்ட் ஹட்சனும் போச்சுன்னா ஆறு மொத்தமும் வடக்கு கையில. தெற்கு ரெண்டு துண்டு!

வடக்குத் தளபதி கிராண்ட், ஊரைத் தொடாமலே தாண்டப் பார்த்தார். வளைவோட கழுத்துல கால்வாய் வெட்டி ஆத்தையே திருப்பி விடற திட்டம். 1862லயே ஆரம்பிச்ச வேலை. சிப்பாய்களும் கறுப்பின அடிமைகளும் சேத்துல நின்னு வெட்டினாங்க. நோய் வந்து நிறைய பேர் செத்தாங்க. 1863 மார்ச்சில் வெள்ளம் வந்து கால்வாய் கைவிடப்பட்டது.

ஏப்ரல் 16 ராத்திரி, கப்பல்கள் குண்டு மழைக்கு நடுவுல ஊரைத் தாண்டிப் போச்சு. மேற்குக் கரையில நடந்தே போன படை தெற்கே ஆத்தைக் கடந்தது. அப்புறம் 17 நாள்ல 5 சண்டை. மே 22ல நடந்த நேரடித் தாக்குதலில் மட்டும் வடக்குக்கு சுமார் 3,200 பேர் இழப்பு. வேற வழியில்லாம முற்றுகை, மொத்தம் 47 நாள். ஊர் ஜனம் மண்மேட்டுல குகை வெட்டிக் குடியிருந்தது. கோவேறு கழுதைக் கறி தின்னாங்க. காகிதம் தீர்ந்து பத்திரிகையைச் சுவர்த்தாள் பின்பக்கம் அச்சடிச்சாங்க. ஊரைக் காத்த தெற்குத் தளபதி பெம்பர்ட்டன் பிறந்தது வடக்கே, பென்சில்வேனியாவில். உள்நாட்டுப் போர்னா இதானே. ஜூலை 4 அன்று 29,000 பேருக்கு மேல் சரணடைஞ்சாங்க. ஜூலை 9ல போர்ட் ஹட்சனும் விழுந்தது.

இனிமேதான் விஷயம். 1876ல மிஸிஸிப்பி தானாவே அந்தக் கழுத்தை அறுத்துக்கிட்டு நேரா ஓடிடுச்சு. கிராண்ட் வெட்டி முடிக்காத குறுக்கு வழியை, ஆறே போட்டுக்கிச்சு! எந்த வளைவுக்காக இத்தனை உயிர் போச்சோ, அந்த வளைவு 13 வருஷத்துல காலி. 1903ல யாஸூ ஆத்தைத் திருப்பி விட்டப்புறம்தான் ஊர்க் கரைக்கு மறுபடி ஆத்துத் தண்ணி வந்தது.

அப்போ எல்லாமே வீணா? முற்றுகை நடந்துக்கிட்டிருந்தப்போ, ஜூன் 7ல, பக்கத்துல மில்லிகன்ஸ் பெண்டில் வடக்கு முகாமைத் தெற்குப் படை தாக்கியது. அங்கே நின்னவங்கள்ல பெரும்பாலோர் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அடிமைகள். பயிற்சி கூடச் சரியா முடியலை. துப்பாக்கிக் கட்டையால அடிச்சுச் சண்டை போட்டாங்க. ஆத்துல இருந்த போர்க்கப்பலும் கைகொடுக்க, முகாம் தப்பிச்சுது. 1865ல அடிமை முறையே சட்டப்படி ஒழிஞ்சது.

இப்பவும் வரைபடம் பாக்கறேன். ஆனா 'கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த ஊர்'னு எங்கேயாவது படிச்சா, அந்த வளைவு ஞாபகத்துக்கு வருது. கூடவே, மில்லிகன்ஸ் பெண்டில் நின்னவங்களும்.