மனச்சோர்வும் மெய்ப்பாடும்

இன்று தமிழில் 'மனச்சோர்வு' என வழங்கும் நோயைக் கிரேக்க மருத்துவர் 'மெலங்கோலியா' என்றனர். கரும்பித்தம் என்பது அதன் சொற்பொருள். அப்பித்தம் மிகுதலே நோய்க்கு ஏது என்னும் கொள்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 1917இல் சிக்மண்டு பிராய்டு, இழப்பினால் எழுந்த சினம் உள்நோக்கித் திரும்பித் தன்னையே வருத்துகின்றது என வேறு விளக்கம் தந்தார்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர் ஆரன் பெக் (1921-2021) அவ்விளக்கத்தை மெய்ப்பிக்கவே முதலில் முற்பட்டார். 1950களின் இறுதியில் நோயாளர் கனவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். எதிர்பார்த்தது சினம்; கண்டவையோ இழப்பும் தோல்வியும். சான்று மாறுபட்டு நிற்கவே, கொள்கையைக் கைவிட்டார். தம் கருத்துக்கு ஒவ்வாதவிடத்து ஏட்டுப் பாடத்தையே திருத்த முனையும் நம்மனோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நோயாளர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் ஒருங்கே இருளாகக் காண்கின்றனர் என்பது பெக் அடைந்த முடிபு. அவர் வகுத்த மருத்துவத்தில் அறிவுரைக்கு இடமில்லை. 'என்னை எவரும் மதிப்பதில்லை' என நோயாளி கூறின், மருத்துவர் அதனை மறுப்பதில்லை. அதற்குரிய சான்றையும் மாறான சான்றையும் இருவருமாக எழுதி நிறுத்துப் பார்ப்பர். செயலற்றுக் கிடப்பார்க்குச் சிறு பணிகளை நாள்தோறும் வகுத்துக் கொடுப்பதும் உண்டு. 1977இல் வெளிவந்த ஆய்வில், 41 நோயாளரிடையே, இம்முறை இமிப்பிரமின் என்னும் மருந்தினும் மிக்க பயன் தந்தது. பின்வந்த ஆய்வுகள் அத்துணை மேன்மையைக் காட்டவில்லை. 1989இல் வெளிவந்த பேராய்வில் கடுநோயாளரிடத்து மருந்தே சிறந்து நின்றது.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். எனவே பெக் கண்டது நம் முன்னோர் அறிந்ததே எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. மெய்ப்பாடாவது காண்போர்க்குப் புலப்படுவது. பெக் 1961இல் வெளியிட்ட 21 கூறுடைய வினாநிரலோ, அழ விரும்பியும் அழ இயலாமையையே அழுகையினும் கடிய நிலையாக வைக்கின்றது. மெய்யிற் படாத அவலத்திற்கு நம் இலக்கணத்தில் இடம் யாதென்பது தனியே ஆராய்தற்குரியது.

இவ்வேறுபாட்டை யான் உணராதிருந்த நாளில், முதுகலை மாணவர் ஒருவர் வகுப்புக்கு வாராதொழிந்தார். முகத்தில் துயர்க்குறி காணாமையின் மடி எனக் கருதி, ஊக்கமுடைமை பற்றி நெடிது பேசினேன். அவர் தலையசைத்துச் சென்றார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர், குறள் எதுவும் எடுத்துக் கூறாத அவர்தம் விடுதித் தோழரே.