சரக்குந்துகளின் இரட்டை மின்கல அடுக்கு

சரக்குந்துகளின் இரட்டை மின்கல அடுக்கு என்பது லாரி, பேருந்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலிய கன ஊர்திகளில் இரண்டு 12 வோல்ட்டு ஈய-அமில மின்கல அடுக்குகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டு மின்னழுத்தம் பெறும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இவை பேட்டரி என்றே அழைக்கப்படுகின்றன. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல், லாரித் தொழில் செழித்த சங்ககிரி, ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு ஆகிய கொங்கு நாட்டு ஊர்களில் இவ்வமைப்பைப் பரவலாகக் காணலாம்.

24 வோல்ட்டின் தேவை

டீசல் எந்திரத்தில் தீப்பொறிச் செருகி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எனவே எந்திரத்தை முதலில் சுழற்றுவதற்கு ஆற்றல்மிக்க துவக்கி மோட்டார் தேவைப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 4,800 வாட்டு மோட்டார் 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 24 வோல்ட்டில் 200 ஆம்பியரே போதும். மின்னோட்டம் பாதியாகும்போது அதே கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு கால் பங்காகக் குறைகிறது.

முதல் அடுக்கின் எதிர்முனை ஊர்தியின் சட்டகத்துடன் இணைக்கப்படுகிறது. அதன் நேர்முனை இரண்டாம் அடுக்கின் எதிர்முனையுடன் சேர்கிறது. இவ்விடம் நடுமுனை எனப்படும். இரண்டாம் அடுக்கின் நேர்முனையிலிருந்து 24 வோல்ட்டு கிடைக்கிறது. வெளிநாடுகளின் பழைய ஊர்திகள் சிலவற்றில் விளக்குகளுக்கு 12 வோல்ட்டும் துவக்கி மோட்டாருக்கு மட்டும் 24 வோல்ட்டும் கிடைக்குமாறு, அடுக்குகளைப் பக்க இணைப்பிலிருந்து தொடரிணைப்புக்கு மாற்றும் ஆளி இருந்தது.

இரண்டு மின்கல அடுக்குகள் உள்ள இடமெல்லாம் தொடரிணைப்பு என்று கொள்ளலாகாது. எந்திரமில்லாத மிதவை வானூர்திகளில் வானொலிக்கும் கருவிகளுக்கும் ஒரு 12 வோல்ட்டு அடுக்கே மின்சாரம் தர, மற்றொன்று மாற்றாகக் காத்திருக்கும்.

நடுமுனையில் மின்சாரம் எடுத்தல்

இவ்வமைப்பில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. பாட்டுப்பெட்டி, கைப்பேசி மின்னேற்றி போன்றவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றை நடுமுனையில் இணைத்துவிட்டால் உடனே வேலை செய்யும். ஆகவே பிழை நடந்ததே தெரிவதில்லை.

ஆனால் கீழ் அடுக்கு மட்டும் கூடுதலாக மின்னிறக்கம் அடைகிறது. ஊர்தியின் மின்னாக்கியோ இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 28 வோல்ட்டு தருகிறதே அன்றித் தனித்தனியாகக் கவனிப்பதில்லை. நல்ல நிலையில் ஒவ்வொன்றும் 14 வோல்ட்டு பெறும். கீழ் அடுக்கு தளர்ந்து 13 வோல்ட்டில் நின்றால் மேல் அடுக்கின் மீது 15 வோல்ட்டு விழுகிறது. அப்போது மேல் அடுக்கின் நீர் ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிந்து வற்றுகிறது. கீழ் அடுக்கின் தகடுகளிலோ ஈய சல்பேட்டு கெட்டிப்படுகிறது. ஒன்று மிகுதியாலும் மற்றொன்று குறைவாலும் கெடுகின்றன. ஐதரசன் வெடிக்கும் தன்மையுடையது. பெட்டிக்குள் அது தேங்கியிருக்கையில் ஒரு தீப்பொறி போதும், அமிலம் முகத்தில் தெறிக்கும்.

ஒன்று கெட்டதும் அதை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், புதியதும் பழையதும் ஒரே அளவில் மின்னேற்றம் ஏற்பதில்லை. இரண்டையும் ஒரே கொள்ளளவில் ஒருசேர மாற்றுவதே முறை. 12 வோல்ட்டுக் கருவிகளுக்கு 24-இலிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் மின்மாற்றுக் கருவியைத் தனியே பொருத்த வேண்டும். நடுமுனையைச் சமநிலையில் வைக்கும் சமன்செய் கருவியும் உண்டு.

சோதிப்பது எளிது. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பின் ஒவ்வோர் அடுக்கையும் தனியாக அளக்க வேண்டும். முழு மின்னேற்றத்தில் ஒவ்வொன்றும் சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். மொத்தத்தை மட்டும் அளப்பவருக்கு ஏற்றத்தாழ்வு தெரியாது.

துண்டிப்பு ஆளி

கட்-ஆஃப் சுவிட்ச் எனப்படும் இவ்வாளி மின்சுற்று முழுவதையும் துண்டிக்கிறது. தேய்ந்த கம்பி சட்டகத்தில் உரசித் தீப்பற்றுவதைத் தவிர்க்க, நெடுநேரம் நிறுத்தும்போது இது அணைத்து வைக்கப்படுகிறது. எந்திரம் ஓடும்போது இதை அணைத்தால் மின்னாக்கியின் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, அதன் இருமுனையங்களையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேதப்படுத்தும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி அமைந்து, புகையைத் தூய்மைப்படுத்த யூரியாக் கரைசலைப் பயன்படுத்தும் ஊர்திகளில், எந்திரம் நின்ற பின்னும் கரைசல் குழாய்களிலிருந்து தொட்டிக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை ஆளியைத் தொடலாகாது.

கழற்றும்போது சட்டகத்துடன் இணைந்த எதிர்முனை முதலிலும், பூட்டும்போது அதுவே கடைசியிலும் கையாளப்படும். இவ்வரிசை மாறினால், நேர்முனையில் வைத்த திருகுசாவி சட்டகத்தில் பட்ட கணமே குறுக்குச்சுற்று ஏற்படும்.