பழைய டீசல் ஜீப்: எது நம்ம வேலை, எது பட்டறை வேலை?

ராசிபுரத்துலேர்ந்து சங்ககிரி வரைக்கும் போனீங்கன்னா, வழியில ஏதாவது ஒரு தோட்டத்துல தார்ப்பாய் போட்டு மூடின பழைய டீசல் ஜீப் ஒண்ணு கண்ணுல படும். தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டின வண்டி. வீட்டுல எடைக்குப் போட்டுடலாம்னு சொல்றாங்க. சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பாக்குற பேரனுக்கும் பேத்திக்கும் அதை மறுபடி ஓட வைக்கணும்னு ஆசை. யூடியூப் வீடியோ பாத்தாச்சு, ஸ்பேனர் செட்டும் வாங்கியாச்சு. நாமளே இறங்கிப் பண்ணலாமா, இல்ல பட்டறையில விடணுமா?

நான் மெக்கானிக் இல்ல. ஆனா ஜீப் பிறந்த காலத்துலயே இந்தக் கேள்விக்கு ஒரு ராணுவம் பதில் எழுதி வச்சிருக்கு. அங்கிருந்து தொடங்கினா நம்ம சேலம், நாமக்கல் பட்டறைத் தெரு வரைக்கும் ஒரே நேர்க்கோடா வருது.

1940 ஜூலை. ஐரோப்பாவுல போர் நடக்குது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, நாலு சக்கரமும் இழுக்குற சின்ன வண்டி ஒண்ணு வேணும், மாதிரி வண்டியை 49 நாள்ல கொண்டு வாங்கன்னு கேட்டுச்சு. அந்தக் கெடுவுக்கு ஒத்துக்கிட்டது பான்டம்ங்குற சின்னக் கம்பெனி மட்டும்தான். ஆனா கடைசியில பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போச்சு. போர் முடியுறதுக்குள்ள ரெண்டு பேருமா ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சு தள்ளிட்டாங்க.

இத்தனை வண்டி பாலைவனத்துலயும் பர்மா சேத்துலயும் ஓடினா யார் ரிப்பேர் பண்றது? ராணுவம் வேலையை அஞ்சு படியாப் பிரிச்சது. முதல் படி டிரைவர். ஆயில், தண்ணி, டயர் காத்து, கிரீஸ், லூஸான போல்ட் எல்லாம் அவர் பொறுப்பு. ரெண்டாவது படி அந்தந்தப் படைப்பிரிவோட சொந்த மெக்கானிக். மூணாவது, பின்னாடியே நகர்ந்து வர நடமாடும் பட்டறை. நாலாவது, ஓர் இடத்துல நிலையா இருக்குற பெரிய பட்டறை. அஞ்சாவது, வண்டியையே பிரிச்சுப் புதுசாக் கட்டுற தளம். ஒவ்வொரு படிக்கும் என்ன கருவி, எதைத் தொடலாம்னு தெளிவா வகுத்திருந்தாங்க. அதாவது, டிரைவர் கண்டிப்பாக் கையை அழுக்காக்கிக்கணும், ஆனா ஓர் எல்லைக்கு மேல போகக் கூடாது.

டிரைவர்கள் கனமான மேனுவலைப் படிக்க மாட்டாங்கன்னு ராணுவத்துக்குத் தெரியும். அதனால வில் ஐஸ்னர்ங்குற காமிக்ஸ் ஓவியரை வச்சு, வண்டியைச் சரியாப் பராமரிக்காத ஒரு மக்கு சிப்பாயோட கதையைப் படமாப் போட்டாங்க. இன்னைக்கு நாம பாக்குற ரிப்பேர் வீடியோவுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தான்னு நான் சொல்லுவேன்.

போர் முடிஞ்சதும் மிச்சமான ஜீப்புகள் உலகம் பூரா ஏலத்துக்கு வந்துச்சு. இங்கதான் இந்தியா ஒரு பாடம் கத்துக்கிச்சு. 1948ல் காஷ்மீர் போர் நடக்குற நேரத்துல, லண்டன்ல நம்ம ஹைகமிஷனரா இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், புதுப்பிச்ச பழைய ஜீப்புகளை வாங்க ஓர் ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய். வந்து சேர்ந்தது 155 வண்டி. அதுவும் உபயோகத்துக்கு லாயக்கில்லைன்னு புகார் கிளம்பி, நாடாளுமன்றம் வரைக்கும் போய், சுதந்திர இந்தியாவோட முதல் பெரிய ஊழல் சர்ச்சைன்னு பேர் வாங்கிச்சு. 1955ல் அரசாங்கம் விஷயத்தை மூடிடுச்சு. அரசியலை விடுங்க. ‘புதுப்பிச்சது’ன்னு யாராவது சொல்லிப் பழைய ஜீப்பை விக்க வந்தா, எந்தப் படியில, யார் புதுப்பிச்சாங்கன்னு கேக்கணும். பெயின்ட் அடிச்சதும் புதுப்பிச்சதுதான்.

அதே காலத்துல பம்பாய்ல வேற கதை நடந்துட்டிருந்துச்சு. 1945ல் தொடங்கின மஹிந்திரா அண்டு முகமது கம்பெனி, 1947லேயே வில்லிஸ் ஜீப்போட பாகங்களை இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சது. பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் போனதும் பேர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆச்சு. அவர் பின்னாடி பாகிஸ்தானோட கவர்னர் ஜெனரலே ஆயிட்டார். அந்த ஜீப்பெல்லாம் பெட்ரோல் வண்டி. 1973ல் எண்ணெய் விலை ஏறினப்போ பெட்ரோல் ஜீப் வச்சிருந்தவங்க பாடு திண்டாட்டம். லாரி, பஸ், பம்ப்செட்டுக்காக அரசாங்கம் டீசல் விலையைக் குறைச்சே வச்சிருந்துச்சு. ஊர் ஊருக்கு ஜீப்புலயும் அம்பாஸடர்லயும் பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் இன்ஜினை ஏத்துற வேலை ஜரூரா நடந்துச்சு. மெட்டடோர் வேன் இன்ஜினுக்கு இதுல தனி மவுசு.

கம்பெனியே டீசல் ஜீப் கொண்டு வந்தது 1970களோட நடுவுலதான். அதுல போட்டது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோட லைசென்ஸ்ல செஞ்ச இன்ஜின். மஹிந்திரா 1960கள்லேர்ந்து அதே கம்பெனியோட கூட்டு சேர்ந்து பி-275 டிராக்டர் செஞ்சுட்டிருந்தாங்க. அந்த டிராக்டர் இன்ஜினும் இந்த ஜீப் இன்ஜினும் ஒரே குடும்பம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா டிராக்டர் இன்ஜினைப் பிரிக்கத் தெரிஞ்ச ஓர் ஆள் எல்லாக் கிராமத்துலயும் இருப்பார். அதனால ஜீப் ரிப்பேர் கம்பெனி டீலர்கிட்ட மாட்டிக்காம கிராமத்துலயே தங்கிடுச்சு. அப்புறம் 1980கள்ல பெஜோ கம்பெனியோட எக்ஸ்.டி.பி. 4.90 வந்துச்சு. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதுதான் பேர். உங்க தாத்தா தோட்டத்துல நிக்கிற எம்.எம். 540ல் அந்த இன்ஜின் இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, சேலம், நாமக்கல் இதுல எங்க வருது? டாடாவோ அசோக் லேலண்டோ, லாரின்னா கம்பெனியிலேர்ந்து வர்றது சேஸியும் இன்ஜினும்தான். மரத்துலயும் இரும்புலயும் பாடி கட்டுறது நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைங்க. மழை பொய்க்குற மேட்டாங்காட்டுப் பூமி, கிணறு ஆழமாகிட்டே போச்சு, விவசாயத்தை மட்டும் நம்ப முடியல. லாரியும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கும் பொழப்பாச்சு. கிளீனராச் சேர்ந்து, டிரைவராகி, பங்கு போட்டு ஒரு வண்டி வாங்கி ஓனரானவங்க இந்தப் பக்கம் எத்தனையோ பேர். நாக்பூர் தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நின்னா, முதல் படியும் ரெண்டாவது படியும் அந்த டிரைவரும் கிளீனரும்தான். டீசல் லைன்ல ஏர் எடுக்கத் தெரியாத கிளீனர் டிரைவரே ஆக முடியாது.

மேல் படிகள் தெருவா உக்காந்திருந்துச்சு. லேத் பட்டறை, கிராங்க் கிரைண்டிங், ரேடியேட்டர் கடை, பட்டைக்கு வளைவு ஏத்தித் தர்ற கடை, டைனமோ, செல்ஃப் பாக்குற எலக்ட்ரீஷியன், எல்லாத்துக்கும் மேல பம்ப் கடை. பெங்களூர்ல 1951ல் தொடங்கின மைக்கோ கம்பெனியோட டீசல் பம்ப்பைப் பிரிச்சு, மேசையில மாட்டி ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமா டீசல் போகுதான்னு அளக்குற இடம். பம்ப் உள்ள இருக்குற இடைவெளி தலைமுடியை விடப் பல மடங்கு நுண்ணியது. இருபது வருஷம் லாரி பிரிச்ச மெக்கானிக் கூட பம்ப்பை முழுசாக் கழட்டி அந்தக் கடையில கொடுத்துடுவார், அவரே திறக்க மாட்டார்.

இதைக் கொஞ்சம் யோசிங்க. இங்க ‘நானே வண்டியைப் பிரிச்சு ஏத்தினேன்’னு பெருமையாச் சொல்ற பெரியவங்க யாரும் தனியாப் பண்ணல. எதைக் கழட்டலாம், கழட்டினதை எந்தக் கடைக்கு எடுத்துட்டுப் போகணும், வாங்கிட்டு வந்ததை எப்படிப் பூட்டணும், இது மூணும் அவங்களுக்குத் தெரியும். அமெரிக்க ராணுவம் எழுதி வச்ச அதே படிங்கதான், இங்க யாரும் எழுதாம. வீடியோ பாத்து ஸ்பேனர் எடுக்குறவங்க மாட்டிக்கிறது இங்கதான். வீடியோ கழட்டக் கத்துக் கொடுக்கும், தெருவைக் கத்துக் கொடுக்காது.

அப்புறம் கதவு மூடிச்சு. 2000க்குப் பிறகு வந்த காமன் ரெயில் டீசல்ல, பழைய பம்ப் வேலையைக் கம்ப்யூட்டர் பாக்குது. ரெயில்ல அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல. ஓடிட்டிருக்குறப்போ லீக் எங்கன்னு கையை வச்சுத் தேடினா டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், விரலையே இழக்க வேண்டி வரும். கோளாறு பாக்க ஸ்கேனர் வேணும், அந்த ஸ்கேனரும் ஒரிஜினல் பார்ட்ஸும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி வெளிய வரல. 2011ல் ஒரு வாடிக்கையாளர் இதைப் பத்தி இந்தியப் போட்டி ஆணையத்துல புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25ல் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டு, பார்ட்ஸையும் சோதனைக் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யணும்னு ஆணையம் சொல்லுச்சு. அப்பீல், கோர்ட்டுன்னு அபராதத்தோட கதை அதுக்கப்புறமும் நீண்டுச்சு. ஆனா ‘என் வண்டியை யார் ரிப்பேர் பண்ணலாம்’ங்குறது சட்டக் கேள்வியா மாறினது அன்னைக்குத்தான்.

அதனால உங்க கேள்விக்கு முதல் பதில், பானெட்டைத் திறந்தா உள்ள என்ன இருக்குங்குறதுதான். காமன் ரெயில் வண்டின்னா ஆயில், ஃபில்டர், பெல்ட், பேட்டரியோட நிறுத்திக்கங்க. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டின்னா தாராளமா இறங்கலாம், ஆனா வரிசை முக்கியம்.

சேஸியிலேர்ந்து ஆரம்பிங்க. சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. ‘டங்’னு சத்தம் வந்தா நல்லது, ‘பொத்’னு வந்தா உள்ள துரு. சேஸி போயிருந்தா அந்த ஜீப்பை விட்டுடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும். அடுத்து, ஸ்டார்ட் பண்ணாம இன்ஜினைக் கையால சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா அது பட்டறை வேலை. சுத்துச்சுன்னா பழைய டீசலை எடுத்துட்டு டேங்க்கைக் கழுவி, ஃபில்டர், ஆயில், ஹோஸ் மாத்தி, லைன்ல ஏர் எடுத்து, அப்புறம் செல்ஃப் அடிக்கலாம்.

ஒரு நிமிஷம். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது, அதனால சாவியைத் திருப்பினா மட்டும் எல்லாப் பழைய வண்டியும் நிக்காது. வருஷக்கணக்கா நின்ன பம்ப் உள்ள இறுகியிருந்தா, ஸ்டார்ட் ஆன உடனே இன்ஜின் கட்டுப்பாடில்லாம வேகம் எடுத்து வெடிக்குற அளவுக்குப் போகலாம். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டாப் கேபிள் வேலை செய்யுதான்னு பாத்துட்டு, ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டி, அதோட வாயை அடைக்க ஒரு பலகையோட இன்னொருத்தர் பக்கத்துல நிக்கணும். வெறும் கையை வச்சு அடைக்காதீங்க. தனியா இந்த வேலை வேண்டாம்.

ஓடிச்சுன்னா புகையைப் பாருங்க. கறுப்புன்னா டீசல் அதிகம் இல்லாட்டி காத்து போதல, நாசிலையும் பம்ப்பையும் கழட்டி பம்ப் கடைக்கு. சூடானப்புறமும் நீலம்னா ஆயில் எரியுது, இன்ஜின் இறக்குற செலவு வரும். விடாம வெள்ளைப் புகையும் குறையுற தண்ணியும்னா ஹெட் கேஸ்கெட் சந்தேகம். பிரேக் டிரம்மைக் கழட்டினா உள்ள இருக்குற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால துடைங்க. பிரேக்கைப் பூட்டினப்புறம் கட்டாயம் ஒரு மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லுங்க. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது யூடியூப் கூட வராது.

நாலு சக்கர இழுவையைச் சோதிக்குறேன்னு காய்ஞ்ச தார் ரோட்டுல கம்பியைப் போட்டு வண்டியைத் திருப்பாதீங்க. இந்த ஜீப்புகள்ல முன்னையும் பின்னையும் பிரிச்சுக் கொடுக்க நடு டிஃபரன்ஷியல் இல்ல, கியர் பெட்டியும் அச்சும் முறுக்கிக்கும். உழுத காட்டுல போட்டுப் பாருங்க.

இவ்வளவும் தொடங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை எடுங்க. அதுல இருக்குற இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்குறதும் ஒண்ணா? பெட்ரோல்னு போட்டிருக்குற வண்டியில டீசல் இன்ஜின் உக்காந்திருந்தா, மாத்தினது ஆர்.டி.ஓ. அனுமதியோட ஆர்.சி.யில ஏறியிருக்கணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ரின்யூவல் கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினா, 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000. பசுமை வரி தனி. நம்பர் ஒத்துப் போகலைன்னா ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வாங்க.