முக்காலியில் இருந்தவள்

கிரேக்க சரித்திரத்தைப் புரட்டும்போதெல்லாம் என் மனம் டெல்பியில் வந்து நின்றுவிடுகிறது. பர்னாசஸ் மலைச்சரிவில் இருந்த அப்போலோ கோயில் அது. யுத்தம் தொடங்குமுன் அரசர்கள் அங்கே குறி கேட்பார்கள். லிடியா மன்னன் குரோசஸ் பொன்னாகவே அனுப்பிக் குவித்தான்.

குறி சொன்னவள், முக்காலியில் அமர்ந்த பித்தியா. ஆதியில் இளங்கன்னியரே அமர்ந்தார்களாம். ஒருத்தியை எவனோ தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் ஐம்பது வயது கடந்தவளை அமர்த்திக் கன்னியின் உடையை உடுத்தினார்கள். குற்றம் அவனுடையது, விதி மாறியதோ பெண்ணுக்கு!

கி.பி. 100-ஐ ஒட்டி அக்கோயிலில் பூசாரியாயிருந்த புளூட்டார்க் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். பலியாட்டின் மேல் நீர் தெளித்து, அது உடல் நடுங்கினால்தான் தெய்வத்தின் உத்தரவு. ஒருநாள் ஆடு அசையவில்லை. வந்திருந்தவர்களோ அயல்நாட்டுத் தூதர்கள். அவர்களைத் திருப்தி செய்ய, ஆட்டை நீரில் திணறத் திணற நனைத்து நடுங்க வைத்தார்கள். பித்தியா மனமில்லாமலே உள்ளே இறங்கினாள். அவள் குரல் கரகரத்தது. பயங்கரமாக அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து விழுந்தாள். தூதர்களும் பூசாரிகளும் ஓடிவிட்டார்கள். பிறகு திரும்பி வந்து தூக்கினார்கள். சில நாட்களில் இறந்துபோனாள்.

மன்னர்களுக்கு உத்தரவு சொன்ன பீடத்தில் அவளுடைய மனத்துக்கு மதிப்பில்லை. ஆட்டின் சம்மதத்தையாவது கேட்டார்கள்!

அவள் பெயரை அந்த ஏட்டில் தேடினேன். ஓடிப்போன பூசாரி நிக்காண்டரின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.