செடிச் சாயத்தில் ஓடுமா செல்போன்? ஆர்கானிக் பேட்டரியும் `சாயம் போகும்' சிக்கலும்!

`ஆர்கானிக்' என்றதும் காய்கறிக் கடைதானே ஞாபகத்துக்கு வருது? ஆனா, வேதியியல்ல அதுக்கு அர்த்தமே வேற. கார்பனை அடிப்படையாகக் கொண்ட பொருள்கள் எல்லாமே ஆர்கானிக்தான். பெட்ரோலும் சரி, மருதாணிச் சாயமும் சரி. அப்படிப்பட்ட பொருள்களை வெச்சு லித்தியம் பேட்டரி செய்யத்தான் பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.

எதுக்கு இந்த மெனக்கெடல்?

சார்ஜ் போடும்போது, பேட்டரியின் நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்கு லித்தியம் அயனிகள் போகும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதிருந்தே பெரும்பாலான போன் பேட்டரிகளின் நேர்மின்முனையில் இருப்பது லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு.

அந்தக் கோபால்ட் எங்கிருந்து வருது தெரியுமா? உலகில் தோண்டியெடுக்கப்படுவதில் சுமார் 70 சதவிகிதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்துதான். அங்கே, கையால் தோண்டும் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். மாற்று தேடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வேருக்குள் ஒரு பேட்டரி

மேடர் செடியின் வேரிலிருந்து பழங்காலம் முதலே துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். நம்ம ஊர் மஞ்சிட்டி இதுக்கு நெருங்கிய சொந்தம். அந்த வேரில் இருக்கும் பர்ப்யூரின் என்ற பொருளை 2012-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக, நியூயார்க் சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் மின்முனையாக்கினார்கள்.

சாயத்துக்குள் சார்ஜ் எப்படி நிக்கும்? பர்ப்யூரினில் சில ஆக்ஸிஜன் அணுக்கள் கார்பனுடன் இரட்டைப் பிணைப்பில் இருக்கும். எலெக்ட்ரான் வந்தால் வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே லித்தியம் அயனிக்கும் இடம் கொடுக்கும். கோபால்ட் செய்யும் வேலையை இங்கே ஆக்ஸிஜன் செய்யுது. மருதாணியில் கையைச் சிவக்கவைக்கும் லாசோனும் இதே குயினோன் குடும்பம்தான்.

அந்தச் சோதனையில் கிடைத்தது கிராமுக்கு சுமார் 90 மில்லி ஆம்பியர் மணி. கோபால்ட் பேட்டரியில் 140 வரை கிடைக்கும். முதல் முயற்சிக்கு மோசமில்லை!

சாயம் வெளுக்குதே!

பெரிய தலைவலியே இதுதான். மின்முனைகளுக்கு நடுவில் இருக்கும் திரவத்தில் இந்தச் சின்ன மூலக்கூறுகள் கரைஞ்சுடும். சலவையில் துணி சாயம் போவது மாதிரி, ஒவ்வொரு சார்ஜுக்கும் பேட்டரியின் திறன் குறையும். போதாக்குறைக்கு, இவை மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது. அதனால் கார்பன் தூளை நிறைய கலக்க வேண்டும்.

தீர்வு? மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைப்பது. 2024-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் டி.ஏ.க்யூ என்ற ஆர்கானிக் பொருளை அறிவித்தார்கள். அடுக்கடுக்காக நெருங்கி அமைவதால் அது எளிதில் கரையாது. 2,000 முறைக்கு மேல் சார்ஜ் செய்தும் தாக்குப்பிடித்தது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, கார் நிறுவனமான லம்போர்கினி.

நம்ம போனுக்கு எப்போ வரும்?

உடனே வராது. பெரும்பாலான ஆர்கானிக் பொருள்கள் எடை குறைவு. ஆனால், இடத்தை அடைக்கும். ஒல்லியான போனுக்கு அது செட் ஆகாது. இடத்துக்குப் பஞ்சமில்லாத, சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பேட்டரிகளுக்கு இது பொருந்தலாம்.

அதுவரைக்கும் உங்க டிராயரில் தூங்கும் பழைய போனை எழுப்புங்க. அதில் இருக்கும் கோபால்ட்டைத் திரும்ப எடுக்க முடியும். குப்பைத்தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துடுங்க!