கிராக்கஸ் சகோதரரும் உரோமக் குடியரசும்

பேரரசுகளின் வீழ்ச்சிக்குப் புறத்தேயிருந்து வரும் பகைவரையே காரணராகக் கூறுதல் உலக வழக்கு. உரோமக் குடியரசின் வரலாறோ இதற்கு மாறானதோர் உண்மையை உணர்த்துகின்றது. ஹனிபாலின் படைகளால் அழிக்கவியலாத அக்குடியரசு, தான் பெற்ற வெற்றிகளின் பயனைத் தன் மக்களிடையே நேர்மையாகப் பங்கிட இயலாமையினால் நிலைகுலைந்தது. கி. மு. 133ஆம் ஆண்டிலும், கி. மு. 121ஆம் ஆண்டிலும் உரோம நகரிற் சிந்தப்பட்ட குருதியே அந்நிலைகுலைவின் தொடக்கம் எனப் பண்டை ஆசிரியர் பலர் கருதினர். அவ்விரு ஆண்டுகளிலும் உயிர்நீத்த திபேரியஸ் கிராக்கஸ், கையஸ் கிராக்கஸ் என்னும் சகோதரர் செய்ய முயன்றது யாது, அம்முயற்சி ஏன் தோல்வியுற்றது என்பன ஆராயற்பாலன.

உரோமர் தம் இறுதி மன்னனைத் துரத்திக் குடியரசு நிறுவியது கி. மு. 509இல் என்பது மரபுவழிச் செய்தி. மன்னனது அதிகாரம் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்ட இரு கொன்சல்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் பதவியும் சமயக் குருத்துவமும் பற்றீசியர் எனப்பட்ட உயர்குடியினரின் தனியுரிமையாகவே இருந்தன. பிளெபியர் எனப்பட்ட பொதுமக்கள் கடனாலும் வறுமையாலும் நலிந்தனர். கி. மு. 494இல் அவர்கள் படைத்தொழிலை மறுத்து நகரைவிட்டு வெளியேறினர் எனவும், அதன் பயனாகத் திரிபியூன் என்னும் மக்கட் பாதுகாவலரைத் தெரியும் உரிமையைப் பெற்றனர் எனவும் வரலாறு கூறும். திரிபியூனின் உடல் புனிதமானது. அவர்மீது கைவைப்பவன் தெய்வ சாபத்துக்கு ஆளானவன். அரச அலுவலர் எவரது செயலையும் தடுத்து நிறுத்தும் மறுப்பதிகாரமும் அவருக்கு உண்டு. பின்னர் பன்னிரு பலகைச் சட்டங்கள் எழுத்தில் வடிக்கப்பட்டன. கி. மு. 367இல் கொன்சல் பதவி பிளெபியருக்குத் திறந்துவிடப்பட்டது. கி. மு. 287இல் பொதுமக்கள் அவையின் தீர்மானங்கள் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டங்களாயின. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இப்போராட்டத்தில் இரு தரப்பினரும் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தும் இணங்கியும் வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. உரோமரின் அரசியல் ஆற்றல் அவ்விணக்கத்திலேயே தங்கியிருந்தது.

ஆயின், சட்டத்திற் கிடைத்த சமத்துவம் வாழ்க்கையிற் கிடைத்திலது. செல்வம் படைத்த பிளெபியக் குடும்பங்கள் பற்றீசியரோடு கலந்து புதியதோர் உயர்குழாத்தைத் தோற்றுவித்தன. ஏறக்குறைய முந்நூறு உறுப்பினரைக் கொண்ட செனற்சபை இக்குழாத்தின் கோட்டையாயிற்று. கி. மு. 218 தொடக்கம் 201 வரை நிகழ்ந்த இரண்டாம் பியூனிக் போரில் உரோமை வழிநடத்திய சிறப்பு அச்சபையின் செல்வாக்கை மேலும் உயர்த்தியது. கி. மு. 146இல் கார்த்தேஜ், கொரிந்து ஆகிய இரு பெருநகரங்களும் உரோமரால் அழிக்கப்பட்டன. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் அவர்களை எதிர்த்து நிற்கவல்ல அரசு எதுவும் இல்லாதொழிந்தது.

இவ்வெற்றிகளின் சுமையைத் தாங்கியவன் இத்தாலியின் சிறு உழவன். உரோமப் படை கூலிப்படையன்று. குறிப்பிட்ட அளவு சொத்துடைய குடிமக்களே அதிற் சேர்க்கப்பட்டனர். அண்டை நகரங்களோடு கோடை காலத்திற் போரிட்டு அறுவடைக்கு வீடுதிரும்பிய காலத்தில் இம்முறை பொருத்தமாக இருந்தது. ஸ்பெயின் போன்ற தொலைநாடுகளிற் பல்லாண்டு தொடர்ந்து பணியாற்ற நேர்ந்தபோதோ, உழவனது நிலம் உழுவாரின்றிக் கிடந்தது. ஹனிபாலின் படையெடுப்பினாற் பாழடைந்த தென்னித்தாலிய நிலங்களின் நிலையும் இதனோடு சேர்ந்தது. போரில் வென்றவன் வீடு திரும்பியபோது கடனாளியாய் நின்றான்.

மறுபுறம், அப்போர்களே செல்வருக்கு நிலத்தையும் அடிமைகளையும் வழங்கின. தோற்ற நாட்டாரிடமிருந்து கவர்ந்த நிலத்தின் ஒரு பகுதி அரசுக்குரிய பொதுநிலமாக வைக்கப்பட்டது. தனியொருவர் அனுபவிக்கக்கூடிய பொதுநிலத்தின் அளவு ஐந்நூறு யூகெரம், அதாவது ஏறக்குறைய 310 ஏக்கர் என வரையறுத்த பழைய சட்டம் ஒன்று இருந்தும், அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. செல்வர் அந்நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு தம் சொந்த உடைமையாகவே கருதலாயினர். கி. மு. 167இல் எபிரஸ் நாட்டில் மட்டும் 1,50,000 மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர் எனப் பண்டைநூல்கள் கூறுகின்றன. அடிமையைப் படைக்கு அழைப்பாரில்லை. ஆதலின் நிலவுடைமையாளர் குடியானவனிலும் அடிமையையே விரும்பினர். முதுமையுற்ற அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறு மூத்த கேற்றோ தமது வேளாண்மை நூலில் அறிவுறுத்துகின்றார். நற்பண்புக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்ட ஒருவரே இவ்வாறு எழுதினாரெனின், அக்காலச் சமுதாயத்தின் மனநிலை எத்தகையதென்பது விளங்கும். கி. மு. 135இல் சிசிலித் தீவில் யூனஸ் என்னும் சிரிய அடிமையின் தலைமையில் மூண்ட பெருங்கிளர்ச்சி சில ஆண்டுகள் அடக்கப்படாது நீடித்தது.

சிறு உழவர் இத்தாலி முழுவதும் அழிந்தொழிந்தனர் எனப் புளூற்றாக், அப்பியன் ஆகியோர் வரைந்த சித்திரம் சற்று மிகைப்பட்டதே. அவர்கள் இந்நிகழ்ச்சிகளுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின்னர் எழுதியவர்கள். சிறு பண்ணைகள் பல பகுதிகளிலே தொடர்ந்து நிலவியமைக்கு அண்மைக்காலத் தொல்லியல் கள ஆய்வுகள் சான்று பகர்கின்றன. எனினும், நிலமற்றோர் தொகை பெருகியதென்பதும், படைக்கு ஆள்சேர்த்தல் அரிதாயிற்று என அக்கால உரோமர் அஞ்சினர் என்பதும் மறுத்தற்கரியன.

இந்நிலையிலேதான் கி. மு. 133இல் திபேரியஸ் கிராக்கஸ் திரிபியூனாகப் பதவியேற்றார். அவரது தந்தையார் இருமுறை கொன்சலாக இருந்தவர். தாயாராகிய கொர்னீலியா, ஹனிபாலை வென்ற சிப்பியோவின் மகளார். பன்னிரு மக்களைப் பெற்று அவருள் மூவரையே எஞ்சக் கண்ட அவ்வம்மையார், கணவரை இழந்த பின்னர் கிரேக்க ஆசிரியரைக்கொண்டு புதல்வருக்குக் கல்வி புகட்டினார். உயர்குழாத்தின் உச்சியிற் பிறந்த ஒருவரே அக்குழாத்தின் நலனை எதிர்த்து எழுந்தமை கருதத்தக்கது.

திபேரியஸ் கொணர்ந்த மசோதா புரட்சிகரமானதன்று. பழைய ஐந்நூறு யூகெர வரையறையை அது மீண்டும் நிலைநாட்டியது. புதல்வர் பொருட்டு மேலதிக நிலம் வைத்திருக்கவும் இடமளித்தது. எஞ்சிய பொதுநிலத்தை ஏழைக் குடிமக்களுக்குப் பங்கிடுதற்கு மூவர் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்படும். பங்கு பெற்றோர் அதனை விற்றல் கூடாது. செல்வர் மீண்டும் அந்நிலத்தை விலைகொடுத்துக் கவராவண்ணம் காத்தற்கே இவ்விதி.

நோக்கம் மிதமானதாயினும் முறை வேறாக இருந்தது. செனற்சபையின் கருத்தைக் கேளாமலே திபேரியஸ் தம் மசோதாவை மக்கள் அவையின் முன் வைத்தார். உடன் திரிபியூனாகிய ஒக்ரேவியஸ் மறுப்பதிகாரத்தைச் செலுத்தி அதனைத் தடுத்தார். மக்களைக் காத்தற்கென ஏற்பட்ட மறுப்பு, மக்கள் விரும்பிய சட்டத்தைத் தடுக்கும் கருவியாயிற்று. அப்போது திபேரியஸ், மக்களுக்கு எதிராகச் செயற்படுபவன் திரிபியூனாக இருத்தற்குத் தகான் என வாதித்து, வாக்கெடுப்பின் மூலம் ஒக்ரேவியஸைப் பதவிநீக்கினார். முன்னொருபோதும் நிகழாதது அது. தமக்குப் பாதுகாப்பாய் இருந்த பதவியின் புனிதத்தையே அவர் அதனாற் குலைத்தார் என எதிரிகள் கூறினர். அக்கூற்றிற் பொருளில்லை எனத் தள்ளுதலும் அரிது.

மசோதா சட்டமாயிற்று. திபேரியஸும், அவர் தம்பி கையஸும், மாமனார் அப்பியஸ் குளோடியஸும் ஆணைக்குழுவினராயினர். அவ்வாண்டில் இறந்த பெர்கமம் நாட்டு மன்னன் மூன்றாம் அற்றலஸ் தன் அரசை உரோமருக்கு எழுதிவைத்திருந்தான். அவனது திரவியத்தை நிலம் பெற்றோருக்கு உதவியாக வழங்கலாம் என்றார் திபேரியஸ். நிதியும் வெளிநாட்டு அலுவலும் தமக்கே உரியன எனக் கருதிய செனற்சபையினர் கொதித்தெழுந்தனர். பதவி நீங்கியதும் தம்மீது வழக்குத் தொடரப்படும் என அஞ்சிய திபேரியஸ் மறுமுறையும் தெரிவுபெற முயன்றபோது, அவர் மன்னனாக விழைகின்றார் என்னும் பழி பரப்பப்பட்டது. விசாரணையின்றி எக்குடிமகனையும் கொல்லேன் எனக் கொன்சல் ஸ்கீவோலா மறுத்தார். தலைமைக் குருவாகிய சிப்பியோ நசிக்காவோ செனற்சபையினரைத் திரட்டிச் சென்றார். தடிகளாலும் உடைந்த ஆசனக் கால்களாலும் திபேரியஸும் அவரைச் சார்ந்தோர் ஏறக்குறைய முந்நூறு பேரும் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்கள் தைபர் ஆற்றில் எறியப்பட்டன. அப்போது திபேரியஸுக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

ஆளைக் கொன்றவர்கள் சட்டத்தைக் கொல்லத் துணியவில்லை. ஆணைக்குழு தொடர்ந்து பணியாற்றியது. அதன் உறுப்பினர் பெயர் பொறித்த எல்லைக்கற்கள் இத்தாலியிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கி. மு. 131இல் 3,18,823 ஆகப் பதிவான குடிமக்கள் தொகை, கி. மு. 125இல் 3,94,736 ஆயிற்று. இவ்வுயர்வு முழுவதும் நிலப்பங்கீட்டின் விளைவோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கி. மு. 123இல் திரிபியூனாகிய கையஸ், தமையனிலும் ஒன்பது ஆண்டு இளையவர். நாவன்மையிலும் அரசியற் சூழ்ச்சியிலும் அவரை விஞ்சியவர். நிலம் ஒன்றினால் மட்டும் செனற்சபையின் ஆதிக்கத்தைத் தளர்த்தல் இயலாதென உணர்ந்த அவர், பல தரப்பினரையும் ஒன்றுதிரட்ட முனைந்தார். நகர ஏழைகளுக்குக் குறித்த குறைந்த விலையில் தானியம் வழங்கச் செய்தார். படைவீரரின் உடைச் செலவை அரசு ஏற்கவும், பதினேழு வயதுக்குட்பட்டோரைப் படையிற் சேர்க்காதிருக்கவும் விதித்தார். மாகாண ஆளுநரின் ஊழலை விசாரிக்கும் நீதிமன்றங்களை, ஈக்குவைற்றுகள் எனப்பட்ட செல்வ வகுப்பினரிடம் ஒப்படைத்தார். ஆசியா மாகாணத்தின் வரியைத் திரட்டும் உரிமையை உரோமிலே ஏலத்தில் விடச் செய்ததும் அவ்வகுப்பினருக்கே பயன் தந்தது. ஆசிய மக்களோ வரி வசூலிப்போரின் கொடுமைக்கு இரையாயினர். சீர்திருத்தம் ஒன்று பிறிதொரு அநீதிக்கு வழிவகுத்தமைக்கு இதுவே சான்றாகும்.

கையஸின் திட்டங்களுள் மிக உயர்ந்தது இத்தாலியருக்குக் குடியுரிமை வழங்க எண்ணியமை. உரோமின் போர்களில் உரோமரோடு தோள்சேர்த்து நின்ற நேசநாட்டார், வாக்குரிமையின்றி இருந்தனர். அவர்களுள் இலத்தீனருக்கு முழுக் குடியுரிமை அளிக்க வேண்டுமென அவர் வாதித்தார். இதுவே அவரது செல்வாக்கு வீழ்ந்ததற்கும் ஏதுவாயிற்று. தானியத்தையும் விழாக்களையும் பிறரோடு பங்கிட உரோமின் ஏழை விரும்பவில்லை. செல்வர் நிலத்தைப் பங்கிட மறுத்தவாறே, ஏழையும் உரிமையைப் பங்கிட மறுத்தான். இச்சமயத்தில் லிவியஸ் துரூசஸ் என்னும் திரிபியூன், செனற்சபையின் தூண்டுதலால், பன்னிரு புதிய குடியேற்றங்களை அமைப்பதாக வாக்களித்து மக்களின் மனத்தைக் கவர்ந்தார். கார்த்தேஜின் அழிபாட்டினருகே கையஸ் நிறுவ முயன்ற குடியேற்றமும் தீநிமித்தங்கள் கூறி இகழப்பட்டது.

கி. மு. 121இல் கையஸ் பதவியின்றி நின்றார். கலவரத்தில் ஒருவன் கொல்லப்பட்டதைக் காரணமாகக் கொண்டு, நாட்டைக் காக்க வேண்டிய யாவும் செய்க எனக் கொன்சல் ஒப்பீமியஸைச் செனற்சபை பணித்தது. ஆயுதந் தாங்கிய படை அவென்ரைன் குன்றைத் தாக்கியது. தப்பியோடிய கையஸ், தம் அடிமை ஒருவனின் கையால் உயிர் நீத்தார். மூவாயிரம் பேர் வரையில் மாண்டனர் என்பர். பின்னர் ஒப்பீமியஸ் ஒற்றுமைத் தெய்வத்துக்கு ஆலயம் எடுத்தார்! மக்களோ அச்சகோதரரின் சிலைகளை நிறுவி, அவர் வீழ்ந்த இடங்களிற் காணிக்கை செலுத்தினர்.

இவ்விருவரின் தோல்விக்குச் செல்வரின் பேராசை மட்டுமே காரணமன்று. ஓராண்டுப் பதவியையும் நிலையற்ற மக்கள் ஆதரவையும் நம்பி நெடுங்காலத் திட்டங்களை அவர்கள் மேற்கொண்டனர். ஆனால் செனற்சபையின் குற்றம் அதனினும் பெரிது. வாதத்தால் வெல்லக்கூடியதை வன்முறையால் வென்ற அச்சபை, வன்முறைக்குச் சட்டத்தின் போர்வையையும் அளித்தது. அதன் விளைவு தொலைவில் இருக்கவில்லை. கி. மு. 107இல் மாரியஸ் நிலமற்றோரைப் படையிற் சேர்த்தார். நிலத்துக்காக அவர்கள் அரசை நோக்காது தம் தளபதியையே நோக்கினர். குடியுரிமை மறுக்கப்பட்ட இத்தாலியர் கி. மு. 91இற் போர் தொடுத்தே அதனைப் பெற்றனர். கி. மு. 88இல் சல்லா உரோமின்மீதே படைநடத்தினார். கி. மு. 49இல் சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்தார். கி. மு. 27இல் ஒகஸ்ரஸின் ஆட்சி நிலைபெற்றபோது குடியரசு பெயரளவில் மட்டும் எஞ்சியது.

ஐந்நூறு யூகெரத்துக்கு மேற்பட்ட நிலத்தை விட மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள், ஈற்றில் ஆட்சியுரிமை முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைத்து நின்றனர். காலத்தில் வழங்கப்படாத நீதி காலங்கடந்தபின் பன்மடங்கு விலைகொடுத்தே பெறப்படும் என்பதற்கு உரோமக் குடியரசின் இறுதி நூற்றாண்டு அழியாச் சான்றாக விளங்குகின்றது.