பென்றின் கோட்டையின் இரு அத்திவாரங்கள்

வட வேல்ஸிலே, பாங்கர் நகருக்கு அண்மையில், மெனாய் நீரிணையை நோக்கி நிற்கிறது பென்றின் கோட்டை. தூரத்திலிருந்து காண்பவர் எவரும் அதனை நோர்மானிய மன்னர் காலத்துக் கோட்டை என்றே கொள்வர். சதுர வடிவான பெருங்கோபுரம், அரைவட்ட வளைவுகள், கனத்த சுவர்கள் யாவும் பன்னிரண்டாம் நூற்றாண்டையே நினைவூட்டுவன. உண்மையில் அது 1820 அளவில் தொடங்கி 1837 அளவில் முடிக்கப்பட்ட கட்டடம். இங்கிலாந்திலே புகையிரதம் ஓடத் தொடங்கிவிட்ட காலத்தில், எந்தப் பகைவனும் படையெடுத்து வரப்போகாத ஓரிடத்தில், ஒரு பிரபு குடும்பம் தனக்கொரு போர்க்கோட்டையை எழுப்பிக்கொண்டது.

இதனை அமைத்த சிற்பி தோமஸ் ஹொப்பர். அங்கு முன்னர் மத்திய காலத்து மாளிகை ஒன்றிருந்தது. 1780களில் சாமுவேல் வயற் என்பவர் அதனைப் புதுப்பித்திருந்தார். ஹொப்பர் அவற்றையெல்லாம் விழுங்கிவிடும் பெருங்கட்டடத்தைத் திட்டமிட்டார். நடுக்கோபுரத்திற்கு எசெக்ஸ் பகுதியிலுள்ள ஹெடிங்ஹம் கோட்டையை மாதிரியாகக் கொண்டார். இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வேல்ஸை வென்ற முதலாம் எட்வேட் மன்னன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே கட்டுவித்த கார்னார்வன், கொன்வி ஆகிய கோட்டைகள் அயலிலேயே உள்ளன. ஹொப்பர் அவற்றைப் பின்பற்றவில்லை; அவற்றினும் முந்திய பாணியையே நாடினார். நேற்றுக் கட்டிய வீடு, நாட்டை வென்ற மன்னனின் கோட்டைக்கும் மூத்ததாகத் தோன்றவேண்டும் என்பதே இதன் உட்கருத்து என்று கொள்ளலாம். உள்ளே சென்றாலும் இதே நாடகந்தான். நோர்மானியர் கனவிலும் கண்டிராத நூலகத் தளபாடங்களுக்குங்கூட நோர்மானியச் செதுக்குவேலை செய்யப்பட்டது. இதனை ஆற்றலற்ற வேலை என்று எவரும் தள்ளிவிட முடியாது. பெருமண்டபத்தின் உயர்ந்த வளைவுகளும், கல்லிலே விசித்திர முகங்கள் செதுக்கப்பட்ட படிக்கட்டும் கைதேர்ந்த தொழிலாளரின் சாதனைகளே. கலைத்திறனைப் போற்றுவோம், ஆனால் அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவை விட்டுவிட முடியாது.

முதல் ஊற்று யமேக்காவின் கரும்புத் தோட்டங்கள். பெனன்ற் குடும்பத்தினர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அத்தீவில் நிலம் பிடித்தவர்கள். 1783இல் பென்றின் பிரபுவாக உயர்த்தப்பட்ட றிச்சட் பெனன்ற், ஆபிரிக்க அடிமைகள் உழைத்த தோட்டங்களைக் கடல் கடந்து கடிதங்கள் வாயிலாகவே நிருவகித்தவர். அடிமைக் கப்பல்களின் தலைத் துறைமுகமாகிய லிவப்பூலின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்து, அடிமை வியாபார ஒழிப்பை எதிர்த்து வாதாடினார். அவர் 1808இல் பிள்ளையின்றி இறக்க, உறவினரான ஜோர்ஜ் ஹே டோக்கின்ஸ் சொத்துக்கு உரியவராகித் தம் பெயருடன் பெனன்ற் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கோட்டையைக் கட்டுவித்தவர் இவரே.

1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஒழித்தபோது, நட்டஈடு வழங்கப்பட்டது, அடிமைகளுக்கல்ல, உடைமையாளருக்கு. 764 மனிதர்களை இழந்ததற்காக டோக்கின்ஸ் பெனன்ற் பெற்ற தொகை 14,683 பவுண் 17 ஷிலிங் 2 பென்ஸ். பென்ஸ் வரையிற் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்! விடுதலை பெற்றோருக்கு ஒரு பென்ஸேனும் இல்லை. இந்த நட்டஈட்டுக்காக அரசு பெற்ற கடனின் கடைசி மிச்சம் 2015இலேதான் தீர்க்கப்பட்டது.

இரண்டாவது ஊற்று சிலேற்றுக்கல். ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவர் எழுதப் பழகிய அதே கல்தான். கூரை வேய்வதற்கும் அது உதவிற்று. தொழிற்புரட்சியால் பெருகிய நகரங்களுக்குக் கூரை தேவைப்பட்டது. 1780களில் றிச்சட் பெனன்ற் தம் நிலத்திலே சிறுசிறு குத்தகைக்காரர் கல்லெடுத்து வந்த முறையை நிறுத்திச் சுரங்கத்தைத் தம் கையில் எடுத்தார். யமேக்காவின் சர்க்கரை இலாபம் சாலையாகவும் துறைமுகமாகவும் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலையைப் படிப்படியாக வெட்டிய அப்பெரும்பள்ளம் உலகிலேயே மிகப் பெரிய சிலேற்றுச் சுரங்கமாயிற்று. 1859இல் விக்ரோறியா இராணி கோட்டைக்கு வந்தபோது அவருக்கென ஒரு தொன் நிறையுள்ள சிலேற்றுக் கட்டில் செய்து வைக்கப்பட்டது. இராணி அதிற் படுக்க மறுத்துவிட்டார் என்பர்.

கல்லெடுத்தவர் வாழ்ந்த ஊர் பெதெஸ்டா. வேதாகமத்திற் குளமொன்றின் பெயர். அங்கிருந்த தேவாலயத்தால் ஊருக்கு வந்தது. பிரபுவின் மொழி ஆங்கிலம், திருச்சபை அங்கிலிக்கன். தொழிலாளரின் மொழி வேல்சு, வழிபாடு தனிச்சபைகளில். ஒவ்வொரு குழுவும் பாறையின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று, கல்லின் தரத்துக்கேற்ப மாதந்தோறும் விலை பேசி வேலை செய்யும் வழக்கம் அங்கிருந்தது. இதனால் அவர்கள் தம்மை வெறுங் கூலிகளாகக் கருதவில்லை. இரண்டாம் பென்றின் பிரபுவுக்கு அந்தத் தன்மானம் பிடிக்கவில்லை. சுரங்கத்துள் தொழிற்சங்கச் சந்தா சேர்ப்பது தடைசெய்யப்பட்டது, ஒப்பந்தக்காரர் புகுத்தப்பட்டனர்.

1900 நவம்பர் 22இல் ஏறத்தாழ 2,800 தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். மறு ஆண்டு யூனில் சில நூறு பேர் திரும்பியபோது, நிருவாகம் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தங்கப் பவுணை வைத்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. “இவ்வீட்டில் துரோகி எவருமில்லை” என வேல்சு மொழியில் அச்சிட்ட அட்டைகள் சாளரங்களிலே தோன்றின. படைகள் வரவழைக்கப்பட்டன. பாடற்குழுக்கள் ஊரூராகச் சென்று பாடி நிதி திரட்டின; இளைஞர் பலர் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயினர். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்த பின், 1903 நவம்பரில் தோல்வியுடன் போராட்டம் முடிந்தது. திரும்ப வந்து வேலை கேட்டோரிற் பலருக்கு இடமளிக்கப்படவில்லை. ஒரே தெருவில், ஏன், ஒரே குடும்பத்துள்ளும், முகங்கொடுத்துப் பேசாதோர் தலைமுறைக் கணக்கில் இருந்தனர்.

1951இல், இறப்பு வரிக்கு ஈடாக, கோட்டை குடும்பத்தின் கையை விட்டு நஷனல் ட்ரஸ்ற் என்னும் மரபுரிமை அமைப்பிடம் சேர்ந்தது. 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேற்று நிலப்பரப்பு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, கோட்டையும் சுரங்கமும் ஒரே பதிவிற் சேர்க்கப்பட்டன. கட்டணம் செலுத்திய எவரும் இன்று அந்தப் பெருமண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஆயினும், சில மைல் தொலைவிலுள்ள பெதெஸ்டாவிலே பிறந்து வாழ்ந்தும், அந்த வாசலை ஒருமுறையேனும் மிதிக்கமாட்டோம் என்று இருந்தவர்கள் 1951க்குப் பின்னரும் இருந்தார்கள்.